சாயங்காலம் ஐந்து மணிக்கு அசையாதே

ஃபோர்ட் ஹூட், டெக்சஸ்
ஆகஸ்ட், ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறாரா, இல்லை பாட்டில் அப்படியே ஜன்னலில் நிற்கிறதா?

"ரெண்டு வருஷத்துல மூணு அட்ரஸ் குடுத்திருக்கியே, வாடகை குடுக்க முடியாம ஓடிக்கிட்டு இருக்கீங்களா?" என்று நீ போனில் கேட்டபோது உங்கள் மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தார். அதனால் சிரித்து மழுப்பினேன். இப்போது விவரமாக எழுதுகிறேன். நாங்கள் அதே வீட்டில்தான் இருக்கிறோம். ஊர்தான் மாறிக்கொண்டே இருக்கிறது. கன்சாஸிலிருந்து இங்கே வந்தபோது இந்த முகாமுக்கு ஃபோர்ட் ஹூட் என்று பெயர். அந்த ஹூட், உள்நாட்டுப் போரில் இதே அமெரிக்க ராணுவத்தை எதிர்த்துச் சண்டை போட்ட தளபதி. 1942-ல் அவர் பெயரை வைத்தபோது யாருக்கும் உறுத்தவில்லை போலிருக்கிறது. எண்பது வருஷம் கழித்து உறுத்தியது. 2023-ல் ஃபோர்ட் கவாசோஸ் ஆக்கினார்கள். நானும் பேங்க், லைசென்ஸ், உன் மஞ்சள் பை பார்சல் வரைக்கும் எல்லா இடத்திலும் மாற்றி முடித்தேன். 2025-ல் மறுபடியும் ஃபோர்ட் ஹூட்! ஆனால் இவர் வேறு ஹூட். முதல் உலகப் போரில் பதக்கம் வாங்கிய ராபர்ட் ஹூட். மவுண்ட் ரோட்டை அண்ணா சாலை ஆக்கிய நம் ஆட்கள்கூட, திரும்ப மவுண்ட் ரோடு என்று மாற்றிவிட்டு "இது வேறு மவுண்ட்" என்று சொன்னதில்லை.

குதிரை உண்டா என்ற அப்பாவின் கேள்விக்கும் பதில். இவர் இருக்கும் முதலாம் குதிரைப்படை டிவிஷன் என்பது வெறும் பேர்தான். நிஜக் குதிரைகள் கொஞ்சம் இருக்கின்றன, அணிவகுப்புக்கும் விழாவுக்கும். உங்கள் மாப்பிள்ளை தோளில் குதிரைத் தலைச் சின்னத்தை ஒட்டிக்கொண்டு ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து ஸ்பேர் பார்ட்ஸ் எண்ணுகிறார். தமிழ் தெரியும் என்பதற்காக ராணுவத்தில் சேர்த்துக்கொண்ட ஆள்! மாவ்னி என்று ஒரு திட்டம் வைத்து, அவர்களுக்கு வேண்டிய பாஷைகளின் பட்டியல் போட்டு, அதில் தமிழையும் சேர்த்திருந்தார்கள். சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரை ஒருத்தரும் அவரிடம் தமிழில் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்பது நான் ஒருத்திதான், அதற்கும் "ம்" என்றுதான் பதில்.

சரி, கூழ் வத்தல் விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய பக்குவப்படியே செய்தேன். இங்கே ஆகஸ்ட் வெயில் கோவில்பட்டி வெயிலை உட்காரச் சொல்லும். பழைய வேட்டியை விரித்துக் காலையில் பிழிந்துவிட்டால் சாயங்காலம் கலகலவென்று எடுத்துவிடலாம். எடுக்க விட்டால்தானே.

இந்த முகாமில் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொடி இறக்குவார்கள். ஒலிபெருக்கியில் முதலில் ஒரு பியூகிள், அப்புறம் டுமீலென்று ஒரு பீரங்கி, அப்புறம் இன்னொரு பியூகிள். அது முடியும்வரை வெளியே இருக்கிற எவரும் அசையக்கூடாது. பட்டாளத்தில் இருந்த அப்பாவுக்கு இது புதிதில்லை. ஆனால் அவருடைய வெலிங்டன் முகாமில் சிப்பாய்தானே நிற்பார், காய்கறிப் பையோடு போகிறவளும் நிற்க வேண்டுமா? இங்கே நிற்க வேண்டும். கொடி தெரிந்தால் கொடியைப் பார்த்து, தெரியாவிட்டால் சத்தம் வரும் திசையைப் பார்த்து, நெஞ்சில் கை வைத்து. எங்கள் தெருவில் சத்தம் மூன்று பக்கமிருந்தும் வருகிறது. எதிர்வீட்டுக்காரி கிழக்கே பார்த்து நிற்பாள், நான் மேற்கே பார்த்து நிற்பேன். நடுவில் அவள் நாய் மட்டும் தோன்றிய பக்கம் ஓடும்.

கார்கள் நடுரோட்டில் நின்றுவிடும். யூனிஃபார்ம் போட்டவர்கள் இறங்கிச் சல்யூட் அடிப்பார்கள். ஊஞ்சலில் ஆடும் பிள்ளைகள் காலை ஊன்றி நிற்கும். கமிசரி என்கிற எங்கள் கேன்டீனில் நாலு ஐம்பத்தைந்துக்குப் பார்க்க வேண்டும் நீ. பில் போட்டு முடித்தவர்கள் யாரும் வெளியே வரமாட்டார்கள். கதவுக்கு உள்பக்கம் கும்பலாக நின்று அறிவிப்புப் பலகையை அத்தனை அக்கறையாகப் படிப்பார்கள். ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு நாலு ஐம்பத்தெட்டுக்குத் துணிந்து வெளியேறிய ஒரு கேப்டனின் மனைவி, நூறு டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் கையில் சாக்லேட் வழிய வழிய தேசபக்தியோடு நின்றதை நான் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தேன். எனக்கு இது ராகு காலம் மாதிரி ஆகிவிட்டது. தினமும் ஒரே நேரம் என்பதால் பஞ்சாங்கம்கூட வேண்டாம். போன் பேசிக்கொண்டிருந்தாலும் ஐந்துக்கு முன்னால் உள்ளே ஓடிவிடுவேன். நீ அப்போது கூப்பிடப் போவதில்லை, அங்கே விடிகாலை மூன்றரை.

போன வியாழக்கிழமை மட்டும் மணியை மறந்து, வத்தலை அள்ளலாம் என்று கூடையோடு கொல்லைக்குப் போய்க் குனிந்தேன். பியூகிள். நிமிர்ந்து நெஞ்சில் கை வைத்தேன். வேட்டியின் அந்தக் கோடியில் ஒரு கிராக்கிள் வந்து உட்கார்ந்தது. இங்கே அந்தப் பறவைதான் எங்கு பார்த்தாலும்: கன்னங்கரேல் என்று, நீள வாலும் மஞ்சள் கண்ணுமாக. ஒரு வத்தலை எடுத்தது. என்னைப் பார்த்தது. நான் அசையவில்லை. அதற்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒரு சத்தம் போட்டது, கூரையிலிருந்து ஏழெட்டு இறங்கின. பீரங்கி வெடித்தால் பறக்கும் என்று நம்பினேன். முகாமில் பிறந்து வளர்ந்த பறவை, தலையைக்கூடத் திருப்பவில்லை. "சூ, சூ" என்று உதட்டை அசைக்காமல் சொல்லிப் பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் நெஞ்சில் கை வைத்து நின்ற கிழவர் நான் ஏதோ பிரார்த்தனை சொல்வதாக நினைத்து மரியாதையாகத் தலை குனிந்தார். இரண்டாவது பியூகிள் முடிவதற்குள் கால்வாசி வேட்டி காலி.

மிச்சத்தைப் பொரித்து அவர் யூனிட் விருந்துக்கு அனுப்பினேன். கெச்சப் தொட்டுத் தின்று தீர்த்திருக்கிறார்கள். கமாண்டர் மனைவி போன் பண்ணிப் பக்குவம் கேட்டாள் என்பதைச் சித்தியிடம் மறக்காமல் சொல்.

பெருமை அவ்வளவுதான். ஆஸ்பத்திரியிலோ ஆபீஸிலோ என் பெயரைச் சொன்னால் கம்ப்யூட்டர் முழிக்கிறது. அவர் நம்பரைச் சொன்னால்தான் நான் இருக்கிறேன் என்று ஒப்புக்கொள்கிறது. எம்.எஸ்.சி., பி.எட்., ராத்திரி கண் விழித்துப் படித்தது உனக்குத் தெரியும். கன்சாஸில் டீச்சர் லைசென்ஸ் கைக்கு வந்த சமயத்தில் மாற்றல் ஆர்டரும் வந்தது. ராணுவக் குடும்பத்தார் ஒரு மாநில லைசென்ஸை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோகலாம் என்று 2023-ல் சட்டமே போட்டார்கள். கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அதை நான்தான் பிரின்ட் எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. வேலை தேடும் ராணுவ மனைவிகளில் ஐந்தில் ஒருத்திக்கு வேலையில்லை என்று ராணுவத் துறையே கணக்கெடுத்துச் சொல்கிறது. அதனால்தான் இங்கே எல்லோருக்கும் ஒரு பொழுதுபோக்கு. எதிர்வீட்டுக்காரி மெழுகுவர்த்தி செய்கிறாள், பக்கத்து வீட்டுக்காரி கேக், நான் வத்தல்.

அடுத்த வருஷம் மறுபடி மாற்றல் இருக்கலாம். சாமான் கொண்டுபோக ராணுவம் பதவியைப் பார்த்து எடை கொடுக்கிறது. கர்னல் வீட்டுக்கு 18,000 பவுண்டு, சார்ஜென்ட் குடும்பத்துக்கு 9,000. கர்னல் வீட்டம்மாளிடம் கிரைண்டர் இல்லை, என்னிடம் இருக்கிறது. சீர்வரிசையில் வந்த கிரைண்டரைப் பார்த்துத்தான் அவர் ஒவ்வொரு தடவையும் பெருமூச்சு விடுகிறார். போன தடவை மூட்டை கட்ட வந்த ஆட்கள் கையில் கிடைத்ததையெல்லாம் பெட்டியில் போட்டார்கள். இங்கே வந்து பிரித்தால், குப்பைக்கூடை குப்பையோடு அழகாகக் காகிதம் சுற்றி இருந்தது. என் கிரைண்டர் கல்மேல் ஒட்டிய நம்பர் ஸ்டிக்கர் மட்டும் இன்னும் வரமாட்டேன் என்கிறது.

அவர் ஒன்பது மாதம் கொரியாவில் இருந்தபோது வாஷிங் மெஷின் நின்றது, காரில் பேட்டரி போனது, எனக்குக் காய்ச்சல் வந்தது. குடும்பங்களுக்கென்று இருக்கிற குழுவிலிருந்து ஒரு பெண் சூப் கொண்டுவந்தாள். அன்றைக்குப் படுத்துக்கொண்டு உன்னைத்தான் நினைத்தேன். அப்பா பனியில் இருந்த வருஷம் தம்பிக்கு மஞ்சள் காமாலை வந்ததே; பஸ் இல்லாமல் லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாயே. அப்பாவுக்கு அவன் எழுந்து நடமாடிய பிறகுதான் இன்லேண்ட் எழுதினாய், அதிலும் கடைசி வரியில். மணியார்டர் தாமதமான மாதம் என்ன செய்தாய் என்று நான் கேட்டதே இல்லை. அடுத்த தடவை பேசும்போது சொல். அப்பா வெளியே போயிருக்கிற நேரமாகப் பார்த்துக் கூப்பிடுகிறேன்.

உளுந்து அனுப்ப வேண்டாம், ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் ஆஸ்டின் பக்கம் கிடைக்கிறது. சுண்டை வத்தல் மட்டும் அனுப்பு.

உன் அன்பு மகள்

பி.கு.: அப்பா நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் சுற்றி வளைத்து எதற்கு வருகிறார் என்று தெரியும். ஆமாம், முகாமுக்குள்ளேயே சரக்குக் கடை இருக்கிறது, விற்பனை வரி கிடையாது, மாதக் கோட்டாவும் கிடையாது. எத்தனை பாட்டில் வேண்டுமானாலும் வாங்கலாம். இதைப் படித்துக் காட்டிய கையோடு அவர் பாஸ்போர்ட்டை எடுத்து உன் பீரோவில் வைத்துப் பூட்டிவிடு.