முயலம்மா

இங்கிலாந்தில் வசந்தம் என்றைக்குத் தொடங்குகிறது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வானிலைத் துறையின் கணக்கில் மார்ச் 1. வானியல்காரர்களுக்கு, பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகும் மார்ச் 20 வாக்கில். முயல் பொம்மை பின்னுகிற முயலம்மாவுக்கு டிசம்பர் 27. கிறிஸ்துமஸ் வான்கோழியின் மிச்சம் ஃபிரிட்ஜில் இருக்கும்போதே அவர் வெளிர்மஞ்சள் நூல்கண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டுவிடுவார். வெளியே மாலை நான்கு மணிக்கே இருட்டு. சன்னல் கண்ணாடியில் உறைபனி. அந்த நேரத்தில் உட்கார்ந்து, ‘ஏப்ரல் மாதத்து வெயிலுக்கு முயலுக்கு அரைக்கை போதுமா, முழுக்கை வேண்டுமா’ என்று யோசிக்கிற மனோதிடம் எல்லோருக்கும் வாய்க்காது.

அந்த நாட்டில் எந்தச் சிற்றூருக்குப் போனாலும் இப்படி ஒருவர் இருப்பார். வயது அறுபதுக்கு மேல். பள்ளித் தலைமையாசிரியையாகவோ, மருத்துவமனையில் வார்டையே நடுங்கவைத்த மூத்த செவிலியராகவோ இருந்து ஓய்வு பெற்றவர். மூக்குக்கண்ணாடி சங்கிலியில் தொங்கும். கையில் எப்போதும் ஒரு பை. பைக்குள் இரண்டு ஊசியும் ஒரு பாதி முயலும். பேருந்திலும் பின்னுவார், பல் டாக்டரின் காத்திருப்பு அறையிலும் பின்னுவார். பக்கத்தில் இருப்பவர் ‘அட, என்ன அழகு! யாருக்கு?’ என்று கேட்டால், ‘பேத்திக்கு’ என்பார். இந்த வார்த்தையை நம்பக் கூடாது. அதைப் பிறகு பார்ப்போம்.

உடை உடுத்திய முயல் என்றால் சாதாரணச் சமாசாரம் என்று நினைப்பவர்கள் அவர் வேலை செய்வதைப் பார்த்ததில்லை. வெளித்தோற்றத்துக்குத்தான் கொஞ்சல், குழைவு, இளஞ்சிவப்பு. உள்ளே இருப்பது ஒரு பாலம் கட்டும் பொறியாளரின் கறார். டபுள் நிட்டிங் நூலின் உறையில் 4 மில்லிமீட்டர் ஊசி என்று அச்சடித்திருக்கும். முயலம்மா 3 மில்லிமீட்டர் ஊசியைத்தான் எடுப்பார். ஸ்வெட்டருக்குத் தளர்ச்சி வேண்டும். முயலின் வயிறு தளர்ந்தால் உள்ளே திணித்த பஞ்சு கண்ணிகளுக்கு நடுவே எட்டிப்பார்த்து மானத்தை வாங்கிவிடும். உடம்பு, தலை, இரண்டு கை, இரண்டு கால், இரண்டு காது எல்லாம் தனித்தனித் துண்டாகப் பின்னி, பஞ்சு அடைத்து, மூட்ட வேண்டும். எழுந்து நின்றால் 30 சென்டிமீட்டர். இது காதைச் சேர்க்காத உயரம். காதையும் சேர்த்து உயரம் சொல்பவர்களை அவர் கொஞ்சம் ஏளனமாகத்தான் பார்ப்பார்.

கண்ணிகளை எண்ணும்போது வீட்டில் யாரும் பேசக் கூடாது. கணவர் வந்து ‘டாக்டர் அனுப்பிய கடிதம் எங்கே?’ என்று கேட்டால், தலை நிமிராமல் ஒரு விரல் மட்டும் உயரும். அந்த விரல் இறங்கும்வரை அவர் வாசல்படியிலேயே நிற்க வேண்டும். இடையில் இருமினாலும் ஆபத்து, ‘முப்பத்தெட்டா, முப்பத்தொன்பதா?’ என்று ஒரு பெருமூச்சு கேட்கும், பிறகு வரிசை முழுவதும் மறுபடி முதலிலிருந்து. அந்தக் கணவர்கள் எல்லாம் ஒரு மாதிரியான மௌன விரதத்துக்குப் பழகிப்போனவர்கள். கொட்டகையில் போய் உட்கார்ந்து எதையாவது ரிப்பேர் செய்துகொண்டிருப்பார்கள். ரிப்பேரான பொருள் எதுவும் வெளியே வந்ததாகத் தெரியவில்லை.

அந்தக் கணவர்களுக்குப் பெரிய சோதனை இரண்டாவது காது. முதல் காது உற்சாகத்தில் பின்னியது. இரண்டாவது காது கடமையில் பின்னியது. கை இறுக்கம் கொஞ்சம் மாறியிருக்கும், நாலு கண்ணி அளவுக்கு நீண்டுவிடும். இரண்டையும் தூக்கிப் பிடித்து, “ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?” என்பார் முயலம்மா. அனுபவமில்லாத கணவர் உண்மையைச் சொல்வார். அனுபவமுள்ளவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, நிதானமாகப் பார்த்து, “இடது காதுல ஒரு துடிப்பு தெரியுது” என்பார். துடிப்பு என்றால் என்ன என்று இருவருக்கும் தெரியாது. ஆனால் மாலைத் தேநீர் நேரத்துக்கு வந்துவிடும்.

முகம் வைக்கிற அன்று வீட்டில் பதற்றம். அதுவரை பஞ்சு உருண்டையாக இருந்ததற்கு அன்றுதான் குணம் வருகிறது. கண்ணைச் சற்றுக் கீழிறக்கி, தள்ளித் தள்ளி வைத்தால் பச்சைக் குழந்தை முகம். கொஞ்சம் மேலே ஏற்றி நெருக்கி வைத்தால் வருமான வரி அதிகாரி. இடம் பிடிபடும்வரை குண்டூசியைக் குத்திக் குத்திப் பார்ப்பார். புருவ இழை ஒன்று இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தால் சந்தேகம், இன்னும் நகர்ந்தால் வன்மம். மூக்கை மட்டுமே நாலு தரம் பிரித்துப் பிரித்துப் போடுகிறவர்களும் உண்டு.

ஆனால் முயல் ஒரு சாக்குதான். உயிர் உடுப்பில் இருக்கிறது.

வசந்த கால உடுப்பு என்றால் கார்டிகன் ஒன்று, கழுத்திலிருந்து சாய்ந்து இறங்கும் ராக்லன் தோளோடு. நெஞ்சில் டாஃபடில் பூ வரிசை. கட்டை விரல் நகத்தில் பாதி இருக்கும் பொத்தான்கள் மூன்று; அவை அலங்காரத்துக்கு அல்ல, ஒவ்வொன்றுக்கும் உண்மையான காஜா. அதன் கீழே கவுன். கவுனுக்குக் கீழே யாரும் பார்க்கப்போகாத உள்ளுடுப்பு. அதில் வாலுக்கு ஓட்டை. தொப்பியில் காதுக்கு இரண்டு ஓட்டை. ஏப்ரனில் பை, பைக்குள் ஒரு காரட், காரட்டுக்குத் தழை. தழையில் மூன்று பச்சை. இதே வீட்டில் கணவருக்கென்று தொடங்கிய சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்று பல குளிர்காலமாக ஒற்றைக் கையோடு அலமாரியில் கிடக்கிறது. அதைப் பற்றிப் பேச்செடுத்தால், “உங்களுக்கு என்ன அவசரம், கடையிலதான் வாங்கினது இருக்கே” என்று பதில் வரும். நியாயம்தான். முயல் கடைக்குப் போய் வாங்கிக்கொள்ள முடியாது.

நூல் அலமாரியைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டிலுக்கு அடியில், விருந்தினர் அறையில், பழைய சூட்கேஸில், ஒரு முறை சமையலறை ஓவனுக்குள்ளும்கூட நூல் இருந்தது. வாழ்நாளுக்குள் பின்னித் தீர்க்க முடியாத அளவு நூல் சேர்ந்துவிட்ட நிலைக்குப் பின்னல்காரர்களே கேலியாகத் தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்த பிறகு வாங்குவதைக் குறைத்ததாகத் தகவல் இல்லை. ஏப்ரல் கடைசியில் வேல்ஸில் வொண்டர்வுல் என்ற கம்பளித் திருவிழா வரும். முயலம்மா ‘சும்மா பார்த்துட்டு வரலாம்’ என்று வெறும் கையோடு கிளம்புவார். போகும்போது பேருந்தில் பக்கத்து இருக்கையில் ஆள் உட்காரலாம். வரும்போது முடியாது.

இந்தப் பரம்பரைக்கு ஒரு மூலமுயல் உண்டு. எழுத்தாளர் பியட்ரிக்ஸ் பாட்டர் 1893இல், உடம்பு சரியில்லாத ஒரு சிறுவனுக்குப் படம் போட்டு எழுதிய கடிதத்தில் பிறந்தவன் பீட்டர். 1902இல் புத்தகமானான். நீலக் கோட்டு, பித்தளைப் பொத்தான். அடுத்த வருடமே பாட்டர் தன் கையால் பீட்டர் பொம்மை ஒன்றைச் செய்து காப்புரிமை அலுவலகத்தில் பதிவும் செய்துவிட்டார். முயலம்மாக்களின் வியாபார மூளைக்கு அவர்தான் முன்னோடி.

குழந்தைகள் அந்தக் கதையைப் பீட்டர் தப்பிப்பானா என்ற படபடப்போடு கேட்பார்கள். முயலம்மா கோட்டுக்காகப் படிப்பார். தோட்டக்காரர் மெக்ரிகரிடமிருந்து ஓடுகிற ஓட்டத்தில் நெல்லி வலையில் பொத்தான் மாட்டிக்கொள்ள, கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வீடு வந்து சேர்கிறான் பையன். இரண்டு வாரத்தில் அவன் தொலைத்த இரண்டாவது கோட்டு அது! தோட்டக்காரர் அதைப் பறவை விரட்டும் பொம்மைக்கு மாட்டிவிடுகிறார். இந்த இடம் வந்ததும் முயலம்மா புத்தகத்தை மூடிவிட்டு, “அந்த அம்மா நிலைமையை யாராவது யோசிச்சாங்களா?” என்று கேட்பார். யோசிக்கத்தான் வேண்டும். அந்த அம்மா ஒரு விதவை. 1904இல் வந்த பெஞ்சமின் பன்னி கதையில், முயல் ரோமத்தில் கையுறையும் மணிக்கட்டு உறையும் பின்னி விற்றுத்தான் குடும்பம் நடத்துகிறார். யாருடைய ரோமம் என்று நாகரிகம் கருதி யாரும் கேட்பதில்லை. முயலம்மாவும் தன் முயலுக்கு வால் வைக்க அங்கோரா முயலின் ரோம நூலைத்தான் தேடி வாங்குகிறார். அதில்தான் அந்தப் புசுபுசுப்பு வருமாம்.

பீட்டரைப் பிடித்துக் கொடுத்த பொத்தான் இன்றைக்கும் பிரச்சினையாகத்தான் இருக்கிறது. பிரிட்டனில் வீட்டில் பின்னிய பொம்மையானாலும் விற்பனைக்கு வைத்தால் பொம்மைப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட வேண்டும். சிஇ அல்லது யுகேசிஏ முத்திரை வேண்டும். இஎன் 71 என்ற தரவிதியில் இதற்கான சோதனைகள் இருக்கின்றன. தீ பிடிக்கிறதா என்று நெருப்புக் காட்ட வேண்டும். கண்ணும் பொத்தானும் பிய்ந்து வருகின்றனவா என்று இழுக்க வேண்டும்; 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட உறுப்பென்றால் 90 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 9 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமமான விசை. மூன்று மாதம் பார்த்துப் பார்த்துச் செய்த முகத்தின் கண்ணில் கொக்கி மாட்டி, அதில் உருளைக்கிழங்கு மூட்டையைத் தொங்கவிட்டுவிட்டு, அந்தம்மா வேறு பக்கம் திரும்பிக்கொள்கிற காட்சியை நினைத்துப் பாருங்கள். நெருப்புச் சோதனை கணவர் பொறுப்பு. கொட்டகைக்கு அன்றுதான் உண்மையான வேலை. இந்தத் தொல்லையே வேண்டாம் என்று பலர் கண்ணைக் கறுப்பு நூலால் தைத்துவிடுகிறார்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அதுதான் நல்லதும்கூட.

வசந்தத்தில் ஊர் வேறு இவரை விடாது. முட்டை வடிவச் சாக்லேட்டை வயிற்றில் சுமக்கும் கோழிக்குஞ்சுகளை நூற்றுக்கணக்கில் பின்னித் தரச் சொல்லி, தேவாலயமும் முதியோர் காப்பகமும் நிதி திரட்டக் கேட்கும். கொடுத்துவிடுவார். ஆனால் கோழிக்குஞ்சு பின்னுவது அவருக்கு விருந்துச் சமையற்காரரை உப்புமா கிண்டச் சொன்ன மாதிரி. தெருமுனைச் சிவப்புத் தபால் பெட்டியின் தலையில் மாட்டுகிற ஈஸ்டர் தொப்பி இன்னும் பெரிய விவகாரம். இரவோடு இரவாக யாரோ மாட்டிவிட்டுப் போவார்கள். காலையில் பெட்டியின் தலையில் முயலும் பூவும் ஆட்டுக்குட்டியும் மேயும். அது பெரும்பாலும் குரோஷா கூட்டத்தின் கைவரிசை. இரண்டு ஊசிக்காரர்களுக்கும் ஒற்றைக் கொக்கிக்காரர்களுக்கும் நடுவே இருப்பது நட்புதான் என்று இரு தரப்பும் சொல்லும். தபால் பெட்டியைத் தாண்டும்போது முயலம்மா நின்று, அந்த முயலின் காதை இரண்டு விரலால் லேசாகத் திருப்பிப் பார்த்து, “கெட்டியாத்தான் இருக்கு” என்பார். அதற்கு மேல் கடுமையான விமரிசனம் அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

இனி பேத்தி விஷயம். ஈஸ்டர் ஞாயிறு மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவே எப்போது வேண்டுமானாலும் வரும். நிலவைப் பார்த்துக் கணக்கிடுகிற பண்டிகை. அது சீக்கிரம் வருகிற ஆண்டுகளில் முயல் செருப்பில்லாமல் போகும் அபாயம் உண்டு. எப்படியோ முடித்து, மெல்லிய தாளில் சுற்றி, மூன்று வயதுப் பேத்தியிடம் நீட்டுகிறார். குழந்தை என்ன செய்யும்? எல்லாக் குழந்தையும் செய்வதைத்தான். முதலில் காரட்டைப் பிடுங்கி நாய்க்குக் கொடுக்கும். பிறகு தொப்பி, கார்டிகன், கவுன், உள்ளுடுப்பு வரை உரித்துச் சோபாவுக்குப் பின்னால் எறிந்துவிட்டு, அம்மணமான முயலைக் காதைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகும். அப்போது முயலம்மாவின் முகத்தில் வருகிற புன்னகையைப் பின்ன எந்த ஊசியாலும் முடியாது. அடுத்த ஆண்டு முதல் ‘பேத்திக்கு’ என்று பின்னிய முயல்கள் பேத்தி எட்டாத உயரத்தில், கண்ணாடி அலமாரியில் வரிசையாக உட்காரத் தொடங்குகின்றன. ‘கொஞ்சம் பெரியவளாகட்டும்’ என்பது விளக்கம். பேத்தி இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

உள்ளே இப்படி ராஜ மரியாதை. வெளியே தோட்டத்தில் வேறு நீதி. விடியற்காலையில் வேலிச் சந்து வழியாக நிஜ முயல்கள் வரும். உடுப்பு கிடையாது, ஏப்ரன் கிடையாது. டாஃபடில் நஞ்சு என்பதால் அதைத் தொடாமல், பக்கத்தில் தளிர்விடுகிற ட்யூலிப்பாகப் பார்த்து மொட்டையடித்துவிட்டுப் போகும். கையில் டாஃபடில் கொத்தோடு நிற்கிற பின்னல் முயல் சன்னலிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும். முயலம்மா இரவு உடையோடு, மழைச் செருப்பை மாட்டிக்கொண்டு, துடைப்பத்தோடு ஓடிவருவார். அவர் வாயிலிருந்து வருகிற சொற்களை அந்த வார்டின் பழைய நோயாளிகள்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். பிறகு கோழிக்கூண்டு வலையை வாங்கிவந்து பாத்தியைச் சுற்றி அடிப்பார். மெக்ரிகரின் மனைவி பீட்டரின் அப்பாவை இறைச்சி அப்பமாகச் சுட்டுவிட்டார் என்று பாட்டர் போகிறபோக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார் அல்லவா? அந்த வரியின் நியாயம் முயலம்மாவுக்கு ஏப்ரல் மாதத்தில் மட்டும் விளங்கும்.

மே மாதத்துத் தேவாலயச் சந்தையில் மேசை போட்டு, அலமாரியில் இடம் இல்லாத முயல்கள் நாலைந்தை வைப்பார். விற்றுவிடுமோ என்ற பயத்தில் பின்வரிசையில்தான் வைப்பார். விலைச்சீட்டைப் பார்த்து முகம் சுளிப்பவர்களிடம் பேரம் பேச மாட்டார். நூல் விலை இவ்வளவு, பொத்தான் இவ்வளவு, என் கூலி சைபர் என்று கணக்கையும் சொல்ல மாட்டார். கை மட்டும் அடுத்த வரிசையைப் பின்னிக்கொண்டிருக்கும். ஒரு நாள் ஓர் இளம்பெண் முயலைத் தூக்கிப் பார்த்து, கார்டிகன் பொத்தானைக் கழற்றி மாட்டிப் பார்த்து, விலையையும் பார்த்துவிட்டு, மெல்லக் கேட்டாள்: “இந்த உடுப்பெல்லாம் இல்லாம வெறும் முயல் மட்டும்னா என்ன விலைங்க?”

முயலம்மா ஒரு விரலை உயர்த்தினார். வரிசை முடிந்தது. ஊசியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“வெறும் முயல்தானேம்மா? நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு என் வீட்டுத் தோட்டத்துக்கு வா. எத்தனை வேணுமோ பிடிச்சுக்கோ. காசு வேண்டாம்.”