விதைக்குப் போக மீதி

பணி ஓய்வு பெற்ற மறுமாதமே மொட்டைமாடிக்குக் குடிபோய்விடும் ஒரு ரகம் உண்டு. கோவையில் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். தலையில் துண்டு, கையில் பூவாளி, சட்டைப்பையில் யூடியூப் பேசிக்கொண்டே இருக்கும்.

ஆடி பிறந்ததும் தட்டைப்பயறு போடுவார். வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கே போய் வாங்கிவந்த விதை. சும்மா ஊன்றிவிடுவாரா? ஆறிய கஞ்சியில் ரைசோபியத்தைக் குழைத்து, விதையில் பூசி, நிழலில் உலர்த்தியாக வேண்டும். கஞ்சி காய்ச்சித் தருவது வீட்டம்மா. "காத்துல இருக்கற நைட்ரஜனை வேர்முடிச்சே புடிச்சுக்கும், தெரியுமில்ல?" என்று கேஸ் சிலிண்டர் போட வந்த பையனை நிறுத்தி வகுப்பெடுப்பார். முளை தலைகாட்டினால் வாட்ஸ்அப்பில் படம் பறக்கும். பேத்தி பிறந்தபோதுகூட அத்தனை படம் போகவில்லை.

காய் பிடித்ததும் அசுவினி வரும். இளங்காய் முழுக்க எள்ளை அப்பியதுபோல் கறுப்பாக மொய்க்கும். அது கசியவிடும் இனிப்புக்கு எறும்பு வரிசை கட்டும். இவர் வேப்பெண்ணெயில் சோப்புக் கரைசல் கலந்து அடிப்பார். அசுவினி ஒரு வாரத்தில் திரும்பிவிடும். துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டுக்காரர்தான் திரும்பமாட்டார்.

ஏறக்குறைய 70 நாளில் காய் வெளிறிச் சலசலக்கும். நிர்வாகம் ஆரம்பிப்பது அப்போதுதான். திரட்சியான பயறு 'விதைக்கு'. அடுத்த தரம், 'சிநேகிதருங்க கேட்டாங்க, அவங்க விதைக்கு'. மிஞ்சிய ஒரு கைப்பிடி, 'அவசரத்துக்கு விதையா இருக்கட்டும்'. எல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போய்விடும்.

வீட்டம்மா கடைப் பயற்றை ராத்திரியே ஊறப்போட்டு, கத்திரிக்காயும் சின்ன வெங்காயமும் சேர்த்து, மல்லியும் தேங்காயும் வறுத்தரைத்துக் குழம்பு வைப்பார். இவர் மறுசோற்றுக்கும் அதையே ஊற்றிப் பிசைந்துகொண்டு, "என்ன இருந்தாலும் கடைப் பயித்துல ருசி இல்ல" என்பார்.

மாசிப் பட்டத்துக்கு விதை எடுக்கப் பாட்டிலைத் திறந்தால், பயறெல்லாம் ஓட்டை. செடியில் காய் இருக்கும்போதே முட்டையிட்டுவிடும் பயறு வண்டின் கைங்கரியம். முறத்தில் கொட்டியதும் வண்டுகள் நாலா பக்கமும் ஓடும்.

சமையல்கட்டிலிருந்து வீட்டம்மா எட்டிப் பார்ப்பார்.

"ஏனுங்க, நம்ம மாடிப் பயிறு ருசியா இருந்துச்சான்னு அதுககிட்டயாவது கேட்டுச் சொல்லுங்க."