வளைகுடாவை மனை போட்டு விற்ற கதை

1849இல் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டுக் கப்பல் கப்பலாக ஆட்கள் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவுக்குள் வந்து இறங்கினார்கள். முதலில் பயணிகள் இறங்கி மலையைப் பார்த்து ஓடினார்கள். பின்னாலேயே மாலுமிகள் ஓடினார்கள். சில கப்பல்களில் கேப்டனும் ஓடினார். அநாதையாய் நின்ற கப்பல்களில் ஒன்று கிடங்கானது, ஒன்று லாட்ஜ் ஆனது, யூஃபீமியா என்ற ஒன்று ஜெயிலானது. பலவற்றைச் சுற்றி மண்ணைக் கொட்டி, மேலேயே ஊரைக் கட்டிவிட்டார்கள். இன்று கோட்டும் டையுமாக வங்கிக்காரர்கள் நடக்கும் தெருக்களுக்கு அடியில் பாய்மரக் கப்பல்கள் கிடக்கின்றன.

அதோடு விட்டார்களா? தண்ணீருக்குள் இருந்த நிலத்தையும் மனை போட்டு விற்றார்கள். வாங்கியவர் தன் மனையைப் பார்க்கப் படகில்தான் போக வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவர்கள் அளந்துதான் போட்டார்கள், ஏக்கர் கணக்கில்.

அடுத்த நூறு ஆண்டுகளில் வளைகுடாவின் மூன்றில் ஒரு பங்கு மண் கொட்டியும் கரை கட்டியும் காணாமல் போனது. கரை நெடுக முப்பதுக்கு மேல் குப்பைக் கிடங்குகள். பெர்க்லி நகராட்சி 2,000 ஏக்கர் தண்ணீரைத் தூர்த்து ஊரைப் பெரிதாக்கத் திட்டம் போட்டது. டேவிட் ராக்ஃபெல்லர் கூட்டாளியாக இருந்த ஒரு கும்பல், சான் புரூனோ மலையின் தலையைச் சீவி வளைகுடாவில் கொட்டப் பார்த்தது. மலைக்கு மொட்டை, கடலுக்குச் சமாதி!

இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டவர் ஜான் ரீபர். தொழில், நாடகத் தயாரிப்பு. வளைகுடாவின் குறுக்கே இரண்டு பெரிய அணைகளைக் கட்டி, உள்ளே நல்ல தண்ணீர் ஏரி அமைக்கலாம் என்றார். வேறு யாராவது சொல்லியிருந்தால் மோர் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இவருக்கோ அரசியல்வாதிகள் கை தட்டினார்கள். வேறு வழியில்லாமல் ராணுவப் பொறியாளர்கள் 1957இல் சாசலிட்டோவில் ஒன்றரை ஏக்கரில் குட்டி வளைகுடா ஒன்றைக் கட்டி, தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். கதை வசனம் பிரமாதம், தண்ணீருக்குத்தான் நடிக்க வரவில்லை. திட்டம் ஊற்றிக்கொண்டது.

1959இல் அதே பொறியாளர்கள் ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். இப்படியே போனால் 2020இல் வளைகுடா வெறும் ஆறாகிவிடும் என்றது படம். அதைப் பத்திரிகையில் பார்த்து அலறியவர் பெர்க்லியின் கே கெர். கணவர் பல்கலைக்கழகத் தலைவர். சில்வியா மெக்லாக்லின், எஸ்தர் குலிக் என்ற இரு தோழிகளையும் சேர்த்துக்கொண்டு, 1961இல் ஊரிலுள்ள இயற்கைக் காவலர்களையெல்லாம் குலிக் வீட்டுக்கு அழைத்தார். பாதாம் பிஸ்கட் பரிமாறப்பட்டது. நல்ல காரியம்தான், ஆனால் எங்களுக்கு மரம் காக்கிற வேலை இருக்கிறது, காடு காக்கிற வேலை இருக்கிறது என்று ஆளாளுக்கு நழுவினார்கள். போகும்போது தங்கள் உறுப்பினர்களின் முகவரிப் பட்டியலை மட்டும் கொடுத்தார்கள். அது போதுமானதாக இருந்தது. அதை வைத்து மூவரும் தொடங்கிய இயக்கத்துக்குச் சந்தா ஒரு டாலர்.

அந்த இயக்கம் கொடுத்த நெருக்கடியில் 1965இல் மாநில அரசு, வளைகுடாப் பாதுகாப்புக்கும் மேம்பாட்டுக்கும் ஓர் ஆணையம் அமைத்தது. உறுப்பினர்கள் 27 பேர். தண்ணீரில் ஒரு கூடை மண் கொட்டுவதென்றாலும் இவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். துறைமுகம் மாதிரி, தண்ணீர் இல்லாமல் நடக்காத வேலை என்றால் பார்க்கலாம். மற்றபடி நடையைக் கட்டு. கரையில் கட்டிடம் எழுப்பினால் பொதுமக்கள் கடலைப் பார்க்க வழியும் விட வேண்டும். அனுமதி கேட்டு அரசு அலுவலகப் படியேறித் தேய்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: 'முடியாது' என்று சொல்கிற ஒரு மேஜையை நான் கும்பிட்டது இந்த ஒரு விஷயத்தில்தான்.

ஆணையம் தற்காலிகமானது. காலக்கெடு முடியட்டும் என்று மண்வெட்டியோடு பலர் காத்திருந்தார்கள். அந்தப் பெண்களின் இயக்கத்தினர், சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் குட்டிக் குட்டி மணல் பைகளைத் தபாலில் அனுப்பினார்கள். 1969இல் ஆணையத்தை நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போட்டவர் ஆளுநர் ரொனால்ட் ரீகன். நாடகக்காரர் மூழ்கடிக்கப் பார்த்ததைச் சினிமாக்காரர் காப்பாற்றினார். 1972இல் மக்கள் வாக்களித்து இதே வைத்தியத்தை மாநிலக் கடற்கரை முழுவதற்கும் நீட்டினார்கள். 1976இல் அது நிரந்தரச் சட்டமானது.

2003இல் வளைகுடாவின் தென்கரையில் 15,100 ஏக்கர் உப்பளம் அரசு கைக்கு வந்தது. கரைகளை உடைத்து அலையை உள்ளே விட்டார்கள். உப்புத் தண்ணீரைக் குடித்து, உமரி இனச் செடியைத் தின்று வாழும் ஒரு சுண்டு விரல் எலி அங்கே திரும்பி வந்திருக்கிறது. 1970 முதல் அழியும் இனப் பட்டியலில் இருக்கும் எலி. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

ரீபரின் கனவைக் கவிழ்த்த குட்டி வளைகுடா இன்றும் சாசலிட்டோவில் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் எட்டிப் பாருங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது.