வீட்டு லேத்தின் இருப்பிடம்: திணைக் கோட்பாட்டு நோக்கில் ஒரு முன்னாய்வு

வீட்டில் சிறு பட்டறை போட விரும்புவோர் எந்த இயந்திரத்தை வாங்குவது என்பது பற்றி இதுவரை பேசியவர்கள் அனைவரும் ஒரே பிழையைச் செய்துள்ளனர். அவர்கள் இயந்திரத்தைப் பற்றியே பேசினார்கள். இவ்வாய்வு அப்பிழையை இயன்றவரை தவிர்க்கிறது.

ஆய்வுக் களம் கோவை: கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு. தெருவுக்குத் தெரு லேத் பட்டறை இருக்கும் ஊரில் ஒருவர் வீட்டிலும் எதற்கு ஒரு லேத் என்ற வினா எழும். எழட்டும். 'இது எதற்கு?' என்று கேட்டுத் தொடங்கிய முனைவர் பட்ட ஆய்வேடு எதையும் நான் கண்டதில்லை.

முதல் இயலில் வரலாறு வந்தாக வேண்டும். 1800ஐ ஒட்டி லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே மரை வெட்டும் லேத்தைச் செம்மைப்படுத்தினார். 1946இல் இங்கிலாந்தின் மைஃபோர்டு நிறுவனம் எம்எல்7 என்னும் சிறு லேத்தைக் கொண்டுவர, வீட்டுப் பட்டறைக்காரர்களுக்கு ஒரு குலதெய்வம் கிடைத்தது. 1953இல் பெங்களூரில் இயந்திரக் கருவி நிறுவனமான எச்எம்டி பிறந்தது. மாட்ஸ்லேக்கு ஈராயிரம் ஆண்டுகள் முன்பே நாம் மரை வெட்டினோம் என நிறுவ ஒரு பானைச் சில்லு போதும். அதைக் கண்டெடுக்கும் ஆர்வலர்கள் நிறையப் பேர் உள்ளதால் இங்கே விரிக்கவில்லை.

இனி வகைமை. டிரில்லிங் மிஷின்: 13 மி.மீ. வரை துளை போடுவது ஒன்று போதும். பெஞ்ச் கிரைண்டர்: டூல் தீட்ட வேண்டும், வாங்குக, கண்ணாடி போடுக. மில்லிங் மிஷின்: வாங்கலாம், பிறகு கட்டர் வாங்கக் காசிருந்தால். ஷேப்பர்: தனி ஆய்வுக்குரியது, செய்ய ஆளில்லை.

லேத்தில் இரு பள்ளிகள் உள. எடைவாதிகள் பழைய நாலரை அடி லேத்தே லேத் என்பர். அரை டன்னளவு வார்ப்பிரும்பு அதிர்வை விழுங்கிவிடுவதால் வெட்டு வழவழப்பாக விழும் என்பது அவர்கள் வாதம் (உக்கடம் பழைய இரும்புக் கடைப் பிரதி, துருப்பிடித்த பக்கம்). குறுவாதிகள் நாற்பது கிலோ சீன மினி லேத்தை மேசைமேல் வைத்து, எடை எதற்கு, பொறுமையாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினால் போதாதா என்பர். இரண்டும் சரியே. ஆதலால் விவாதம் முடிவதில்லை.

பழைய லேத் வாங்குவோர் புது பெயின்ட்டைக் கண்டு மயங்குவர். லேத்தின் படுகையான பெட் எப்போதும் வேலைப்பொருளைப் பிடிக்கும் சக்குக்குப் பக்கத்தில்தான் தேயும், வேலை முழுக்க அங்கேதான் நடக்கிறது. அந்த இடத்தில் ஆட்டமில்லாமல் டூலைச் சுமக்கும் கேரேஜை இறுக்கிவிட்டு மறுமுனையில் உள்ள டெயில் ஸ்டாக் பக்கம் ஓட்டினால், தேய்ந்த பெட்டில் அது பாதியில் சிக்கி நிற்கும். இதைப் பக்கத்துத் தெரு டர்னர் ஒருவர் டீ ஆறுவதற்குள் சொல்லிவிட்டார். அவருக்கு ஆய்விதழ் வெளியீடுகள் ஏதும் இல்லாமையால், இதை என் கண்டுபிடிப்பாகவே பதிவு செய்கிறேன். துறையில் இதுவே வழக்கம்.

இப்போது மையக் கருதுகோள்: லேத்தைத் தேர்வது வேலையன்று, திணை.

குறிஞ்சி மொட்டைமாடி. உரிப்பொருள் புணர்தல் எனினும், அரை டன் லேத்தும் மாடிப்படியும் கூடியதற்குச் சான்று கிட்டவில்லை. முல்லை போர்டிகோ, உரிப்பொருள் இருத்தல், அதாவது லாரி வரும்வரை. நெய்தல் சென்னைக் கடலோர வீடுகள். எண்ணெய் பூச மறந்தால் உப்புக்காற்று பெட்டைச் சிவக்க வைக்கும், பின் இரங்கல். பாலை பிரிதல், பிரிவது பணம்.

மருதமே முதன்மைத் திணை. நிலம் மாடிப்படிக்கு அடியில், சமையலறையை ஒட்டி. பொழுது, வீட்டில் எல்லோரும் தூங்க முயலும் நேரம். கருப்பொருள் காலில் குத்தும் இரும்புச் சுருள், சேலையில் ஏறும் கூலன்ட் நாற்றம், மோட்டார் கிளம்பும்போது மங்கும் ட்யூப்லைட். உரிப்பொருள் ஊடல்.

தலைவி கூற்று: "ஏனுங்க, இத்தாப் பெரிய இரும்ப வெச்சு என்னதானுங்க பண்ணப் போறீங்க?"

தலைவன் கூற்று: "உனக்கொரு பூரிக்கட்டை கடஞ்சு தாரேன், இரு."

உரையாசிரியர் உலகம் இரண்டாகப் பிளந்தது இந்த ஒரு வரியில்தான். பூரிக்கட்டை கடையப்பட்டது, ஆனால் நமக்குக் கிடைக்கவில்லை என்பது முதற்பள்ளி (எதிர்வீட்டு மாமா உரை, திண்ணைப் பதிப்பு, வெற்றிலைக் கறை படிந்த பகுதி). கடல்கோளில் போயிருக்கலாம் என்றும் அவர்கள் கருதுவர். கோவையில் கடல் இல்லை என்பதை அப்பள்ளியினர் ஒரு தடையாகக் கொள்வதில்லை. பூரிக்கட்டை ஒரு குறியீடு, அதைத் தேடுவதே காலனிய மனநிலை என்பது இரண்டாம் பள்ளி (மேற்படி உரைக்கு மாமியின் மறுப்புரை; அதற்கு மாமாவின் மறுப்புக்கு மறுப்பு, குரல் தாழ்ந்த பகுதி; மேலும் காண்க: மறுநாள் காலை காபி வராமை). மூன்றாவதாக ஒரு சிறுபான்மைக் கருத்தும் உண்டு: கடையில் வாங்கிவிடலாம் என்பது. இதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

பூரிக்கட்டை இல்லையெனில் அந்த லேத் செய்ததுதான் என்ன? களப்பணி காட்டுவது: லேத்துக்கு டூல் ஹோல்டர், டூல் போஸ்ட்டுக்கு டி-நட், டயல் கேஜைப் பிடிக்க ஒரு பிடி, உடைந்த கைப்பிடிக்கு மாற்றுக் கைப்பிடி. அதாவது லேத் தன்னையே செய்துகொள்கிறது. ஆய்வுத் துறை ஆய்வுத் துறையையே உற்பத்தி செய்வதோடு இதை ஒப்பிடத் தோன்றும். என் நெறியாளர் வேண்டாம் என்றார்.

பயன்பாட்டுக் குறிப்புகள் கேட்கும் குறும்புக்காரர்களுக்கு: பழைய லேத்தில் 415 வோல்ட் த்ரீ ஃபேஸ் மோட்டார் இருக்கும், வீட்டிலோ 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ். சிங்கிள் ஃபேஸை த்ரீ ஃபேஸாக்கும் விஎஃப்டி வைத்து ஓட்டலாம், மோட்டாரை டெல்டாவில் மாற்றிக் கட்ட முடிந்தால். த்ரீ ஜா சக் சட்டென்று பிடிக்கும். மையம் துல்லியமாக வேண்டுமெனில் ஃபோர் ஜா. சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு சுவிட்சைப் போடாதீர். இவ்விடத்தில் பகடி இல்லை. கையில் உள்ள பணம் முழுவதையும் லேத்துக்கே கொடுத்துவிட்டால் டூலும் அளவுகருவியும் வாங்க ஒன்றும் மிஞ்சாது. எல்லாவற்றுக்கும் முன் டேப் எடுத்து வாசற்கதவை அளக்க வேண்டும்.

ஒரு சிக்கல் எஞ்சுகிறது. கடையுமுன் ராடை அறுத்தாக வேண்டும். பவர் ஹாக்சா எத்திணைக்குரியது என்பதை இரண்டாம் தொகுதியில், நிதிநல்கை கிடைப்பின், ஆராய்வேன். அதுவரை கை ஹாக்சாவால் அறுக்கலாம். பிளேடின் பல் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும். இதற்கு மேற்கோள் தேவையில்லை.