வாசலுக்கு வந்த வண்டி

கேள்வி: புது வீட்டு வாசலில் கார் ஏற்றி நிறுத்தத் தரை போடணும். மூன்று மேஸ்திரிகள், மூன்று ரேட். குறைவாகச் சொல்பவரிடமே கொடுத்துவிடலாமா?
- ஒரு வாசகர், நெட்டுக்குப்பம்

பதில்: ரேட் இருக்கட்டும், "மணல் எங்கிருந்து வருது?" என்று முதலில் கேளுங்கள். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கொசஸ்தலை முகத்துவாரம். "இதோ இங்கேயே கிடக்குதே சார்" என்று கை காட்டுகிறவரை டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். கடல் மணலின் உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்தால் கான்கிரீட் பிளக்கும். எம்-சாண்ட் பில்லைக் கண்ணால் பாருங்கள்.

உப்புக்காற்று ஊருக்கு என் ஓட்டு பேவர் பிளாக்குக்கே. கம்பியே இல்லை, துருவுக்கு வேலையில்லை. காருக்கு 60 மி.மீ. கனம் போதும். ஆனால் அடியில் ஜல்லியை இறுக்காமல் மணலை மட்டும் தூவினால், அடுத்த ஆடிக்குள் டயர் தடத்தில் இரண்டு வாய்க்கால் ஓடும். சாம்பல் கலந்த கல்லென்றால் தயங்காதீர்கள். அனல் மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் கிடப்பதைவிட உங்கள் வாசலில் கிடக்கட்டுமே!

சரிவு 50 அடிக்கு 1 அடி, வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக. மழைநீர்த் தொட்டியை மூடிவிடாதீர்கள். 2003 முதல் அது கட்டாயம். சாய்தளத்தைத் தெருவுக்கு நீட்டினால் மாநகராட்சி இடிக்கும், மேஸ்திரி போனை எடுக்கமாட்டார்.

ஒரு மழைக்காலமாவது தாங்கிய பழைய வேலையைக் காட்டுகிறவரைப் பிடியுங்கள். கடைசித் தவணையை ஐப்பசி மழை முடிந்த பிறகு கொடுங்கள்.