எட்டு வருஷமும் ஒரு தம்பிடியும்

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் கேட்பரி குடும்பத்தைப் போல நல்லவர்களைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். குவேக்கர்கள். குடி கூடாது, சூது கூடாது, துப்பாக்கி தூக்கக் கூடாது. அப்புறம் என்னதான் வியாபாரம் செய்வது? கோகோ! ஏழைத் தொழிலாளியைச் சாராயத்திலிருந்து கோகோவுக்கு மாற்றினால் புண்ணியத்துக்குப் புண்ணியம். கூடவே லாபமும் வருகிறதா? வரட்டுமே, வேண்டாம் என்றா சொல்ல முடியும்!

1879-ல் பர்மிங்ஹாமுக்கு வெளியே போர்ன்வில்லில் தொழிற்சாலை திறந்தார்கள். பிறகு பக்கத்திலேயே தோட்டத்தோடு வீடுகள், விளையாட்டு மைதானம். மதுக்கடை மட்டும் மூச்! விளம்பரங்களில் ஒரே பல்லவி: எங்கள் கோகோ பரிசுத்தமானது. மாவு கலக்கவில்லை என்ற வரைக்கும் அது உண்மைதான்.

1901-ல் அந்தக் குடும்பத்து வில்லியம் கேட்பரியின் கைக்கு ஓர் எஸ்டேட் விற்பனைப் பட்டியல் வந்து சேர்ந்தது. ஆப்பிரிக்கக் கரையோரம் போர்ச்சுக்கீசியர் வசமிருந்த சாவோ டோமே தீவில் ஒரு கோகோ தோட்டம் விலைக்கு வருகிறது. சொத்து விவரத்தில் வேலையாட்களும் இருந்தார்கள், விலையோடு! மனுஷர் ஆடிப்போய்விட்டார். ஆடாமல் என்ன செய்வார்? கம்பெனி வாங்கிய கோகோவில் ஏறக்குறைய பாதி அந்தத் தீவுச் சரக்கு.

"அடிமைகளா? சேச்சே! ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் அங்கோலாவிலிருந்து தாமாகவே வந்தவர்கள்" என்றது போர்ச்சுகல். கங்காணி கதைகள் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த 'ஒப்பந்தம்' எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. வந்தவர்களில் ஊர் திரும்பியவர் அநேகமாக யாருமில்லை.

1903-ல் வில்லியம் லிஸ்பனுக்கே போய்க் கேட்டார். "புதுச் சட்டம் போட்டிருக்கிறோம், கொஞ்சம் பொறுங்கள்" என்றார்கள். பொறுத்தார். கோகோ வாங்கிக்கொண்டேதான் பொறுத்தார்.

சரி, நேரில் போய் விசாரிக்க ஆள் அனுப்பலாம். யாரை? ஜோசப் பர்ட்டை. வங்கி வேலையை உதறிவிட்டு, டால்ஸ்டாய் கொள்கைப்படி தனிச்சொத்தே இல்லாத ஒரு குடியிருப்பில் வாழ்ந்து பார்த்த அப்பழுக்கில்லாத ஆத்மா. ஒரே ஒரு சின்னக் குறை, போர்ச்சுக்கீஸ் தெரியாது. அதனாலென்ன, முதலில் பாஷை படிக்கட்டும் என்று கம்பெனி செலவிலேயே அனுப்பினார்கள். கிணற்றில் ஒருத்தன் தத்தளிக்கிறான், காப்பாற்ற வந்தவர் நீச்சல் கிளாஸில் அட்மிஷன் போடுகிறார்!

இதற்குள் ஹென்றி நெவின்சன் என்ற பத்திரிகையாளர் அங்கோலாவின் உட்பகுதி வரை போய், தீவையும் பார்த்து, ஊர் திரும்பி, இது அடிமைத்தனம்தான் என்று 1906-ல் புத்தகமே போட்டுவிட்டார். பர்ட் ஊர் திரும்பியது 1907-ல். அவருடைய ரிப்போர்ட்டின் சாரம்? நெவின்சன் சொன்னதேதான்.

உடனே நிறுத்தினார்களா? எங்கே! வில்லியமுக்குத் தன் கண்ணாலேயே பார்த்துவிட ஆசை. 1908-ல் கப்பல் ஏறினார். இவரை வில்லனாக்க எனக்கு மனசு வரவில்லை. நாம் வாங்குகிற வரைக்கும்தான் நம் பேச்சு எடுபடும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். மனசாட்சியும் கணக்குப்பிள்ளையும் ஒரே யோசனையைச் சொல்லும்போது, யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

சந்தேகம் 'ஸ்டாண்டர்ட்' பத்திரிகைக்கு வந்தது. அதே குடும்பத்து ஜார்ஜ் கேட்பரிக்குச் சொந்தமாக 'டெய்லி நியூஸ்' என்றொரு பேப்பர் இருந்தது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் சீனக் கூலிகள் படும் பாட்டை எழுதி அரசாங்கத்தை உலுக்கிய பேப்பர். ஓனரின் கோகோ எங்கிருந்து வருகிறது என்று போட்டிப் பேப்பர் கேட்காமல் விடுமா? 1908-ல் கேட்டது. கேட்பரி மானநஷ்ட வழக்குப் போட்டார்கள்.

1909 மார்ச்சில் ஒருவழியாகத் தீவுச் சரக்குக்குத் தடை அறிவித்தாகிவிட்டது. அந்த வருஷக் கடைசியில் சொந்த ஊரான பர்மிங்ஹாமிலேயே விசாரணை. எதிர்த்தரப்பு வக்கீல் எட்வர்ட் கார்சன், ஆஸ்கார் வைல்டையே கூண்டில் ஏற்றிக் கவிழ்த்தவர். 1901-லிருந்து 1908 வரை உங்கள் கோகோவுக்காக எத்தனை அடிமைகள் செத்தார்கள் என்று எப்போதாவது கணக்குப் பார்த்ததுண்டா என்று வில்லியமைக் கேட்டார். வில்லியமின் பதில்: "இல்லை, இல்லை, இல்லை."

தீர்ப்பு? கேட்பரிக்கு வெற்றி! நஷ்டஈடு எவ்வளவு தெரியுமா? ஒரு ஃபார்த்திங். கால் பென்னி. நம்மூர் பாஷையில், ஒரு தம்பிடி. உங்கள் மானம் போனது வாஸ்தவம், அதன் மதிப்பு இவ்வளவுதான் என்றார்கள் ஜூரிகள்.

தடை போட்டாயிற்று, கோகோவுக்கு என்ன வழி? கோல்ட் கோஸ்ட், அதாவது இன்றைய கானா. போர்ன்வில் ஆலை திறந்த அதே 1879-ல், டெட்டே குவார்ஷி என்ற கொல்லர் பெர்னாண்டோ போ தீவிலிருந்து கொண்டுவந்த விதைகளை மாம்பொங் என்ற ஊரில் ஊன்றினாராம். எங்களால்தான் கோகோ வந்தது என்று பாதிரிமார்களும் சொன்னார்கள், கவர்னரும் சொன்னார். நடுவில், காட்டை விலைக்கு வாங்கி, சொந்தச் செலவில் பாலம்கூடக் கட்டி, மரம் வளர்த்தவர்கள் உள்ளூர் விவசாயிகள். 1891-ல் ஏற்றுமதி 80 பவுண்டு, ஒரு மூட்டை தேறாது. 1911-ல் உலகத்திலேயே முதலிடம்!

1937-ல் அங்கே கோகோ வாங்கிய ஐரோப்பியக் கம்பெனிகள் விலையில் போட்டி போடுவதில்லை என்று தங்களுக்குள் ரகசியமாகப் பேசி வைத்துக்கொண்டன. அந்தக் கூட்டணியில் நம் போர்ன்வில் புண்ணியவான்களும் உண்டு. விவசாயிகள் எட்டு வருஷம் யோசிக்கவில்லை, ஆள் அனுப்பி விசாரிக்கவில்லை. அந்த சீசனிலேயே, கொட்டைகளை விற்க மாட்டோம் என்று பல மாதம் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் லண்டன்தான் கமிஷன் அனுப்ப வேண்டி வந்தது.

வாய்தா வாங்கும் வழக்கம் மட்டும் இன்றும் போகவில்லை. கோகோ தோட்டங்களில் குழந்தைத் தொழிலின் படுமோசமான வகைகளை 2005-க்குள் ஒழிப்பதாகப் பெரிய சாக்லேட் கம்பெனிகள் 2001-ல் அமெரிக்காவில் கையெழுத்துப் போட்டன. 2005, 2008 ஆனது. அப்புறம், 2020-க்குள் 70 சதவீதம் குறைத்தால் போதும் என்றானது.

ஐரோப்பிய யூனியன் 2023-ல் ஒரு சட்டம் போட்டது. காட்டை அழித்து விளைந்த கோகோ உள்ளே வரக்கூடாது, விளைந்த நிலம் எது என்று மேப்பில் காட்ட வேண்டும். 2024 டிசம்பரில் அமல் என்றார்கள். ஒரு வருஷம் தள்ளினார்கள். மறுபடி ஒரு வருஷம். இப்போது பெரிய கம்பெனிகளுக்கு 2026 டிசம்பர் என்கிறார்கள். காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். பேனா வேண்டாம், பென்சில் போதும்.