திருப்பிப் பார்த்தியா, தம்பி?

வா தம்பி, வா. பேப்பரில சுத்தி என்ன கொண்டு வாறாய், பாரை மீனோ? காரோரம் பூட்டுற பீடிங் பட்டையோ? சரி, இரு. மீனெண்டால் இன்னும் சந்தோஷமாய் இருந்திருக்கும்.

உன்ரை அப்பப்பாவின்ரை ஏ60 கேம்பிரிட்ஜ் காரை முத்தத்தில விட்டு மூண்டு நாளாய்த் தேய்ச்சுக்கொண்டு நிக்கிறாய் எண்டு பள்ளிமுனை வரைக்கும் கதை. நல்ல வேலை. நானும் அதைத்தான் சொல்ல இருந்தன்: நெளிவை எடுக்காதை, முதல் மினுக்கு. நெளிஞ்ச இடத்தை நல்லா மினுக்கினால் நெளிவும் சேர்ந்து மினுங்கும். மன்னார்ப் பாலத்தால வாற பஸ்காரனுக்கும் தெரியும். மினுக்காமல் விட்டிருந்தால் ஆரும் கண்டிருக்கமாட்டினம். அவ்வளவு வடிவான நெளிவை ஒளிச்சு வைச்சு என்ன பிரயோசனம்?

அடுத்த புத்தியும் கேள். எல்லாத்துக்கும் குரோம் போடு. கதவுப்பிடி, பம்பர், கிறில், முடிஞ்சால் அப்பப்பாவின்ரை பொல்லுக்கும் போடு. நானும் ஒருக்கால் போட்டவன்தான். ஆரிட்டை எண்டு சொல்லமாட்டன். பம்பர் ஒண்டு குடுத்தன். திரும்பி வரேக்கை அதில முகம் பார்த்துச் சவரம் எடுக்கலாம் போல இருந்தது. ஒரு சோளகம் அடிச்சு முடிய, அம்மை போட்ட பிள்ளை மாதிரிப் பம்பர் முழுக்கப் பழுப்புப் புள்ளி.

விசயம் இதுதான். குரோம் எண்டு நாங்கள் கொண்டாடிற சாமான் அரை மைக்குரோன்கூட வராத படலம். தலைமயிர் ஒண்டின்ரை தடிப்பில நூறில ஒரு பங்கும் இல்லை. அதிலயும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு எக்கச்சக்கம். உப்புக்காத்தை மறிச்சுக்கொண்டு நிக்கிறது அதுக்குக் கீழ கிடக்கிற நிக்கல். நல்ல வேலையெண்டால் நிக்கலுக்கும் கீழ செம்பு. கீழ கிடக்கிறவன் உழைக்கிறான், மேல இருக்கிறவன் மினுங்கிறான். நாட்டு நடப்பும் அப்பிடித்தானே எண்டு என்னைக் கேளாதை, இந்த வயசில விசாரணைக்குப் போய்வர ஏலாது. என்ரை பம்பருக்கு நிக்கலைச் சும்மா பேருக்குக் காட்டிப்போட்டு மேல குரோமை வடிவாய்ப் போட்டிருந்தினம். பின்பக்கம் வெறும் இரும்பு. நான் திருப்பிப் பார்க்கேல்லை.

மற்ற ஊரில அதுவும் தாங்கும். இது மன்னார். தெற்குக் கரையில 30 காத்தாடி நட்டு வைச்சிருக்கிறாங்கள், தம்பபவனி எண்டு பேரும் வைச்சு, 2020 இல. காத்தில்லாத இடமெண்டால் நடுவாங்களோ? கரண்ட் நாட்டுக்குப் போகுது. உப்பு உன்ரை காருக்கு வருது.

எங்கை, அந்தப் பீடிங்கைத் தா. பாரம் குறைவு, ஆனால் அலுமினியம் மாதிரி இல்லை. இந்தக் காந்தத்தைப் பிடி. மெல்லமாய் இழுக்குது, என்ன? "அப்ப இரும்புதானே அப்பு, குரோம் போட்ட இரும்பு" எண்டு துள்ளாதை. பீடிங்குக்கு எண்டு பாவிச்ச எவர்சில்வரில சிலது காந்தத்துக்குப் போகும். திருப்பு. பின்பக்கம் பார், அறுபது வருசமாய் ஆரும் துடைக்காத பக்கம். ஊத்தை கிடக்கு, துரு கிடக்கோ? இல்லை. முன்பக்க நிறமும் பின்பக்க நிறமும் ஒண்டு. குரோம் போட்ட இரும்பெண்டால் இவ்வளவு காலத்தில பின்பக்கம் அரிச்சு உன்ரை மடியில கொட்டியிருக்கும். உது எவர்சில்வர், தம்பி. இதைத்தான் குரோம் போடக் கொழும்புக்கு அனுப்ப நிண்டாய். நீ காசு கூடின ஆள்.

சிரிக்காதை, நெளிவை எடுக்கிற விதத்தைப் பார். இந்தப் புளியங்கட்டையில பீடிங்கின்ரை வளைவுக்குச் சரியாய் ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கிறன். பீடிங்கைக் குப்புறப் படுக்க வைச்சு, முனை மழுங்கின இந்த உளியால பின்பக்கமிருந்து தட்டு. அடிக்கச் சொல்லேல்லை, தட்டச் சொன்னன். எவர்சில்வர் அடிபட அடிபட இறுகும். கூட அடிச்சால் கோவிச்சுக்கொண்டு வீங்கிவிடும், பிறகு ஆர் சமாதானம் சொன்னாலும் கேளாது. இப்ப முன்பக்கம் திருப்பி, மெல்லிய அரத்தால ஒரு இழுவை. மேடான இடம் வெள்ளையாய் மினுங்குது, பள்ளம் மங்கிக் கிடக்கு. மங்கின இடத்தில மார்க்கரால புள்ளி வை. திரும்பக் குப்புறப் போடு, திரும்பத் தட்டு, திரும்ப அரம். ஒரு சாண் பீடிங்குக்கு இப்பிடி முப்பது தரம் புரட்டவேணும். அரம் எல்லா இடத்திலயும் ஒரே மாதிரி வெளிச்சம் காட்டினாப் பிறகுதான் சாண்ட் பேப்பர், 240, 400, 800 எண்டு. துணிச்சில்லும் மெழுகும் கடைசியில. நீ கடைசியில தொடங்கினாய். புத்தகத்தைப் பின்னாலயிருந்து வாசிக்கிறவைக்கும் முடிவு முதலே தெரியும்தான்.

வலதுபக்கப் பீடிங் துலைஞ்சு போச்செண்டாய். அதின்ரை கதை எனக்குத் தெரியும், உன்னட்டைச் சொல்லியிருக்கமாட்டினம். 1990க்குப் பிறகு வடக்குக்குப் பெற்றோல் வர விடேல்லை. உன்ரை அப்பப்பா கார்பரேட்டருக்குள்ள மருந்து மாதிரிக் கொஞ்சம் பெற்றோல் விட்டு இஞ்சினைக் கிளப்புவார். சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெய். வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு கார் போகும், பின்னால சைக்கிளில போறவன் இருமுவான். அந்தக் காலத்தில பீடிங் கழண்டு தொங்கிச்செண்டால் ஆர் பூட்டினது? ஒரு நாள் அது கதவைத் திறக்க விடாமல் மறிச்சுது. கிழவன் ஒரே இழுவையில இழுத்து, கோழிக்கூட்டுக்குத் தாழ்ப்பாளாய்ப் போட்டார். கூட்டையும் பிறகு செல் கொண்டுபோட்டுது.

அதுக்கு முதலும் எங்களுக்கு உதிரிப்பாகம் எண்டொரு சாமான் சும்மா கிடைக்கேல்லை. எழுபதுகளில இறக்குமதிக் கட்டுப்பாடு. கார் கிடந்தது, சாமான் இல்லை. அதாலதான் தகடு அடிக்கிற இந்த நாட்டு ரிங்கர்மாருக்குக் கை வந்தது. இங்கிலாந்தில பாத் எண்ட ஊரில மொறிஸ் மைனரையே பிழைப்பாய் வைச்சிருந்த சார்ள்ஸ் வெயார், உதிரித் தகடு அடிப்பிக்க இலங்கைக்குத்தான் வந்தவர். கார் அவங்கட, சுத்தியல் எங்கட.

வலதுபக்கத்தைப் பித்தளைத் தகட்டில அடிப்பம். எவர்சில்வரில கன்னி முயற்சி வேண்டாம், உனக்கும் அதுக்கும் மனக்கசப்பு வரும். பித்தளையை மங்கின சிவப்பு வரும்வரை சூடாக்கித் தண்ணியில போடு. உருக்கெண்டால் அப்பிடிப் போட இறுகும், பித்தளை இளகும். எங்கட சனம் மாதிரி, எந்தச் சூட்டுக்கு எது இறுகும் எது இளகும் எண்டு முன்கூட்டிச் சொல்லேலாது. அலுமினியத்தை மட்டும் நிறம் பார்த்துச் சூடாக்காதை. அது சிவக்காது, நீ காத்துக்கொண்டு நிக்க உருகி ஒழுகும். அதில சவர்க்காரம் பூசிப்போட்டு நெருப்பில காட்டு, சவர்க்காரம் கபிலமாகினால் எடு. தடைக் காலத்தில சவர்க்காரத்துக்கு எங்கை போறது? பனம்பழத்தால உடுப்புத் தோய்ச்ச நாள். அதுக்குப் பதிலாய்த் தீக்குச்சியின்ரை மருந்தில்லாத முனையால தகட்டைத் தேய்ச்சுப் பார்ப்பன். பழுப்புக் கோடு விழுந்தால் போதும். தீக்குச்சியையும் எண்ணித்தான் பாவிச்சன், மனுசி கணக்கு வைச்சிருந்தவ.

இளகின பித்தளையை வாய்க்காலில வைச்சுக் கொட்டாப்புளியால மெல்ல இறக்கு, விளிம்பைக் கடைசியில மடி. பிறகு நிக்கலுக்கும் குரோமுக்கும் குடுக்கலாம், பின்பக்கத்துக்கும் நிக்கல் போடச் சொல்லி எழுதி வாங்கிக்கொண்டு. "ஒரு பக்கம் எவர்சில்வர், மற்றப் பக்கம் குரோம், நிறம் வித்தியாசம் தெரியாதோ?" எண்டு உன்ரை முகம் கேட்குது. தெரியும். குரோம் கொஞ்சம் நீலம் அடிக்கும். ஆனால் காரின்ரை இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில பார்க்கிற கண் இன்னும் பிறக்கேல்லை, தம்பி.

இன்னொண்டு. இடதுபக்கத்தைக் கண்ணாடியில பார்த்த மாதிரி அப்பிடியே அடிச்சால் வலதுபக்கத்துக்குச் சரிவரும் எண்டு நினைச்சுத்தானே ஒண்டை மட்டும் கொண்டு வந்தாய்? அந்தக் கார் இரண்டு பக்கமும் ஒண்டெண்டு உனக்கு ஆர் சொன்னது? வெள்ளைக்காரன் சுத்தமான ஆள் எண்டு நம்புறாய். மொறிஸ் மைனரைக் கேள். 1948 இல வெளிவர இருந்த காரை, அதை வடிவமைச்ச இசிகோனிஸ் கடைசி நேரத்தில பார்த்து, ஒடுக்கமாய்க் கிடக்கெண்டு நடுவால அறுத்து, இரண்டு பாதியையும் தள்ளித்தள்ளி வைச்சுப் பார்த்து, நாலு அங்குலம் அகட்டினார். பொனற்றுக்கு நடுவில ஓடுற பட்டை அந்தத் தையல்தான். பம்பரெல்லாம் ஏற்கனவே அடிச்சு முடிஞ்சுது. என்ன செய்தாங்கள்? பம்பரை நடுவால வெட்டி, நாலு அங்குலத் துண்டொண்டு வைச்சு ஒட்டுப்போட்டு விட்டாங்கள். நான் அப்பிடி ஒட்டினால் "ரிங்கர் வேலை". அவன் ஒட்டினால் அது இப்ப சேகரிக்கிற ஆக்கள் விலை கேட்கிற பழைய மொடல்.

உன்ரை காரில வலதுபக்கக் கதவோரம் வேறை அமுங்கிக் கிடக்கு. மன்னார்க் கழுதை ஒண்டு முதுகு சொறிஞ்சது, உன்ரை அப்பப்பா செல் விழுந்ததெண்டு ஊருக்குச் சொன்னவர். அந்த அமுக்கத்தை எடுத்தாப் பிறகு அளக்கவேணும். போய்க் காட்போட் மட்டையைக் கதவோரம் வைச்சு, சாணுக்குச் சாண் வளைவை வெட்டிக் கொண்டு வா. ஒவ்வொண்டிலயும் எந்தப் பக்கம் எண்டு எழுது. அளந்து முடிய இருட்டும், நாளைக்கு விடிய வா.

பேப்பரை விட்டிட்டுப் போறியோ? கொண்டுபோ, கொண்டுபோ. நாளைக்கு வரேக்கை அதில பாரை மீனைச் சுத்தி வா. சுத்த முதல் அதையும் திருப்பிப் பார், செவுளைத் தூக்கிப் பார். சந்தைக்காரன் மேல நல்லா மினுக்கி வைச்சிருப்பான்.